அந்த ஹெட் நான்தான்

பணம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த மின்னஞ்சலை அனுப்பியது தப்பு என்று என்னால் இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் மூன்று பேர். இணையதளம் செய்து கொடுக்கிறோம். பில் போடுவது, போனில் பேசுவது, வரவேண்டியதைக் கேட்டு வாங்குவது எல்லாம் நான். அக்கவுண்ட்ஸ், சப்போர்ட், லீகல் என்று தனித்தனி முகவரிகள் உண்டு, எல்லாம் வந்து விழுவது என் ஒரே இன்பாக்ஸில்தான். சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் பலரும் செய்வதுதான், இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. ஒற்றை ஆள் என்று தெரிந்தால் நம் பில் அடுக்கின் அடிக்குப் போய்விடும்.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்திடம் நான்கு மாதமாக ஒரு பில் நின்றிருந்தது. அங்கே கணக்குப் பார்க்கும் மேடம் போன் செய்து, மாதக் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "சரிங்க, பரவாயில்லை, மாதக் கடைசியிலேயே கொடுங்கள்" என்றேன். மூன்று வருடப் பழக்கம், வேறென்ன சொல்வது? போனை வைத்தபின்தான் சம்பளக் கணக்கைப் பார்த்தேன். மற்ற இருவருக்கும் கொடுக்கப் பணம் போதாது. திரும்பக் கூப்பிட்டு, மன்னிக்கணும், என்னால் பொறுக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பதவியை உண்டாக்கினேன்: 'ஹெட், ரெசீவபிள்ஸ் அண்ட் கம்ப்ளையன்ஸ்', அதாவது வரவேண்டிய பாக்கிக்கும் விதிமுறைகளுக்கும் தலைவர். ஏழு நாளுக்குள் பணம் வராவிட்டால் பராமரிப்பு வேலை நிறுத்தப்படும் என்று எழுதிக் கீழே பதவியை மட்டும் போட்டேன், பெயர் போடவில்லை. பெயர் போட்டால்தானே பொய் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் பதில் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் இவரிடம் பேசினேன், மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார், நல்ல மனிதர், தயவுசெய்து அவரையே கேட்டுப் பாருங்கள் என்று என் பெயரைப் போட்டிருந்தார். என்னைப் பற்றி என்னிடமே சிபாரிசு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரிய நிறுவனம் ஐந்து நிமிடத்தில் பதில் போடாது என்பதால் ஒரு நாள் காத்திருந்தேன், அந்த ஒரு நாளில் மனம் மாற எவ்வளவோ நேரம் இருந்தது. மறுநாள் காலையில் எழுதியது: "மேற்படி ஊழியருக்குக் கால அவகாசம் வழங்கும் அதிகாரம் இல்லை."

மேற்படி ஊழியர்! முதலாளியே நான்தான். சட்டப்படி பார்த்தாலும் அந்த வரி நிற்காது. ஒருவருக்கு அதிகாரம் இருப்பதுபோல் மற்றவர் நம்பும்படி நிறுவனமே நடந்துகொண்டால், அவர் கொடுத்த வாக்கு நிறுவனத்தைக் கட்டும் என்பது பல நாடுகளில் உள்ள பழைய விதி. இந்தக் கதையிலோ நிஜமாகவே அதிகாரம் இருந்தது. அப்புறம் வேறொன்றும் படித்தேன். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுக் கடன் வசூல் சட்டம் அடுத்தவருக்காக வசூல் செய்கிறவர்களுக்கானது, ஆனால் கடன் கொடுத்தவரே வேறு யாரோ வசூலிப்பதுபோல் தோன்றும் பெயரில் தனிநபரிடம், அவர் வீட்டுக்கோ சொந்தத் தேவைக்கோ பட்ட கடனைக் கேட்டால் அவரும் அதற்குள் வந்துவிடுவார். என்னுடையது இரண்டு தொழில்களுக்கு நடுவில் உள்ள பில், கேட்டதும் என் நிறுவனப் பெயரில்தான், அதனால் அது எனக்குப் பொருந்தாது. படித்ததும் முதலில் தோன்றியது இந்த நிம்மதிதான் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பெரிய இடங்களில் நிஜமாகவே ஒருவர் சரி என்பார், இன்னொருவர் முடியாது என்பார், இருவரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்த வசதியைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன், என்கிட்ட ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான். இதையும் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்களைப் பயமுறுத்தத்தான் அந்தப் பதவி என்று நினைத்திருந்தேன். பார்க்கப்போனால் என் வாக்கை நானே மீறாமல் வேறொருவரை மீற வைக்கத்தான் அது தேவைப்பட்டிருக்கிறது. சரி, சம்பளம் கொடுக்க வேண்டாமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும்.

ஆறாம் நாள் பணம் வந்தது. மாதக் கடைசிக்குப் பத்து நாள் முன்னால். அந்தப் பத்து நாளுக்காக அவர் தன் அலுவலகத்தில் யாரிடம் போய் நின்றார் என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் போன் செய்தார். "என்னால உங்களுக்கு அங்க ஏதும் பிரச்சினை ஆகலையே சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம்."

"உங்க ஹெட் ரொம்பக் கறார் போல."

"ஆமாங்க, கொஞ்சம் அப்படித்தான்."

அதற்குப் பிறகு எனக்கு எது எழுதினாலும் ஹெட்டுக்கும் ஒரு நகல் போடுகிறார், நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. ஒவ்வொரு கடிதமும் என் இன்பாக்ஸில் இரண்டாக வந்து விழுகிறது.