கையெழுத்து மாற்றப் போய்க் கிடைத்த சங்க வரலாறு

எங்கள் மகளிர் சங்கத்தின், அதாவது சுய உதவிக் குழுவின், வங்கிக் கணக்கில் ஊக்குநர், பிரதிநிதி என்ற இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். ஊக்குநராக இருந்த பெரியம்மா காலமாகிவிட்டார். பிரதிநிதியாக இருந்த அக்கா மகனோடு பெங்களூரு போய்விட்டார். சேமிப்பு கணக்கில் கிடக்கிறது, எடுக்க வழியில்லை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வங்கியில் முதலில் கேட்டது சங்கத்தின் பதிவுச் சான்றிதழ். சுய உதவிக் குழு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பதிவில்லாத குழுவுக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1993லேயே அனுமதித்துவிட்டது. இதை நான் சொன்னபோது எடுபடவில்லை. குழுக்களைக் கவனிக்கும் அரசின் மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலர் வந்து சொன்னதும் எடுபட்டது. அதன்பிறகு, "சங்கம் தொடங்கியபோது போட்ட தீர்மானமாவது இருக்கிறதா?" என்றார்கள்.

பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. தீர்மானப் புத்தகங்கள், கடன் பேரேடுகள், கரையான் பாதி தின்ற பாஸ் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. தேடிப்போனது ஒரு பக்கம். இரவெல்லாம் உட்கார்ந்து படித்தது முழுப் பெட்டியையும்.

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் சங்கம் என்ற பேச்சே 1989க்குப் பிறகு வந்ததுதான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில். மாநிலம் முழுவதற்குமான மகளிர் திட்டம் 1997இல்தான் வந்தது. எங்கள் சங்கத்தின் முதல் தீர்மானம் இரண்டே வரி: ஆளுக்கு மாதம் 10 ரூபாய் சேமிப்பது, கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் 50 காசு அபராதம். கீழே பெரும்பாலும் கைநாட்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியது கடன் பேரேட்டில் இருந்த 'காரணம்' என்ற கட்டம். மகள் பேறுகாலம். அடகு வைத்த கம்மலை மீட்க. மாமியார் கருமாதி. பையன் பள்ளிக்கூடச் செலவு. மேடையில் பேசுகிறவர்கள் எங்களைத் தொழில்முனைவோர் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரேட்டைப் பார்த்தால், கந்துவட்டிக்காரரின் திண்ணைக்குப் போகாமல் குடும்பம் நடத்த ஒரு வழி, அதுதான் சங்கம். வங்கிக்குக் கொடுத்த விண்ணப்பங்களில் மட்டும் எல்லோரும் கறவை மாடு வாங்கியிருக்கிறார்கள். அவற்றை நம்பினால் எங்கள் ஊரில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம் இருக்க வேண்டும்.

இன்னொரு தீர்மானம்: ஒரு உறுப்பினரின் பாஸ் புத்தகத்தை அவர் கணவர் குடித்துவிட்டு வந்து கிழித்திருக்கிறார். புதிய புத்தகம் தருவது, அது ஊக்குநர் வீட்டிலேயே இருப்பது, கணவர் வந்து கேட்டால் ஐந்து பேராகப் போய் அவரிடம் பேசுவது. கீழே எல்லோரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அந்த அம்மா இன்றும் கூட்டத்துக்கு வருகிறார். வாசித்துக் காட்டட்டுமா சின்னம்மா என்றேன். "எதுக்குடி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

மீதி வேலை சுலபமாக முடிந்தது. கூட்டம் போட்டுப் புதிய ஊக்குநரையும் பிரதிநிதியையும் தேர்ந்தெடுத்த தீர்மானம், பெரியம்மாவின் இறப்புச் சான்றிதழ், பெங்களூரு அக்காவின் விலகல் கடிதம், ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பு தந்த கடிதம், புதியவர்கள் இருவரின் ஆதாரும் புகைப்படமும். அத்தனை உறுப்பினர்களின் ஆதாரையும் ஒருவர் கேட்டார். சேமிப்புக் கணக்குக்குப் பொறுப்பாளர்களுடையது போதும், எல்லோருடையதும் குழுவுக்கு வங்கி கடன் தரும் கடன் இணைப்பின்போதுதான் என்று இந்த முறை நானே சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் சங்கத்துக்கும் இந்த நிலை வரலாம். பிரதிநிதி ஊரைவிட்டுப் போகிறார் என்று தெரிந்த அன்றே தீர்மானம் எழுதி, விலகல் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். பழைய தீர்மானப் புத்தகத்தை வங்கி கேட்டால் அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள்.