கடைமடையில் ஒரு கணக்கெடுப்பு

மலைக் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்டால் காடு, ஓடை, யானை என்று ஏதாவது சொல்ல முடியும். காவிரிப் படுகையில் அதெல்லாம் கிடையாது. தரை முழுக்கச் சமம். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கமெல்லாம் கடைமடை; ஆற்றுத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். பள்ளிக்கூடம் எப்போதோ வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்பது விதி. பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க நாங்கள் போன குடியிருப்புகள் பலவற்றில் அதைவிடப் பக்கத்திலேயே இருந்தது. அப்படியும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சிலர் பகலில் வீட்டிலிருந்தார்கள். ஏன் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை.

படிவத்தில் 'பள்ளிக்கு அனுப்பாத காரணம்' என்று ஒரு கேள்வி. வறுமை, தூரம், உடல்நலம், விருப்பமின்மை, பிற என்று கட்டங்கள். கையில் படிவத்தோடு போனதால் எல்லோருமே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சரிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? "வர்ற திங்கக்கெழமை அனுப்பிடுறேன் டீச்சர்" என்பார்கள். முதல் இரண்டு வாரம் நான் அதிகமாக டிக் அடித்தது 'விருப்பமின்மை'யைத்தான். அந்தத் தாள்களை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

உப்பளத்துக்குப் போகும் ஓர் அக்காவிடம்தான் முதல் தடவை படிவத்தை மூடிவைத்துவிட்டுப் பேசினேன். அவருடைய ஒன்பது வயது மகள் இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். தை, மாசியில் பாத்தி கட்டினால் ஐப்பசி மழை வரைக்கும் உப்பு வேலை இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? அங்கன்வாடி திறக்கும்போது அந்த அக்கா பாதி வேலை பார்த்து முடித்திருப்பார். "சாப்பாட்டுக்குக் கொறையில்ல டீச்சர், காலையிலயே பள்ளிக்கூடத்துல போடுறாங்க. புள்ளைய யாரு பாத்துக்குறது, அதைச் சொல்லுங்க" என்றார். எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குமான காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது இதே நாகப்பட்டினம் மாவட்டத்தின் திருக்குவளையில்தான். சோறு நிறையப் பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது, கண்ணால் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதிகாலையில் திறக்கும் ஓர் அங்கன்வாடி. அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து, பூட்டிய வீடுகள். கோடையில் கணக்கெடுக்கப் போனால் ஒரு தெருவில் நாலைந்து வீட்டில் பூட்டு தொங்கும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் மழைக்கு முன்புதான் திரும்புவார்கள். ஊர்ப் பட்டியலில் 'ஆள் இல்லை'. சூளைக்குப் போய்க் கேட்டால் 'இந்த ஊர்க்காரங்க இல்ல'. ஒரு பிள்ளை இரண்டு கணக்கிலிருந்தும் விழுந்துவிடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போதும் அந்தப் பிள்ளை ஊரில் இருக்காது. வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது சூளையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் பேசிய ஆசிரியர்களில் சிலருக்கும் தெரியவில்லை.

சம்பா அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கான வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிமாவட்டத்துக் குடும்பம், வாய்க்கால் கரையில் தார்ப்பாய்க் கூடாரம். அப்பா முன்பணம் வாங்கியிருப்பதாகச் சொன்னான். முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைப்பது 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்ட கொத்தடிமை முறை. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன். இதை 'வறுமை' என்று எழுதிவிட்டு நகர்வது பெரிய பிழை. வறுமை என்று எழுதினால் நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். அவனுக்கு முதலில் விடுதலை வேண்டும்.

அப்புறம் கேள்வியையே மாற்றினோம். ஏன் அனுப்பவில்லை என்பதை விட்டுவிட்டு, போன சித்திரையிலிருந்து ஒவ்வொரு மாதமும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டோம். ஆங்கில மாதம் வேண்டாம், தமிழ் மாதத்திலேயே பன்னிரண்டு கட்டம். ஜனங்கள் மளமளவென்று சொன்னார்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு, சூளை, தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், வெள்ளத்தில் முகாமில் கிடந்த பத்து நாள், எல்லாம் வந்தது. திட்டிக்கொள்வதற்கோ சாக்குச் சொல்வதற்கோ அதில் இடமே இல்லை. பக்கத்தில் பள்ளி நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் எந்த மாதம் பிள்ளை நழுவுகிறது என்று அப்படியே தெரிந்தது.

கொள்ளிடக் கரையில் ஓர் அம்மா, "தையிலேர்ந்து ஆனி வரைக்கும் சூளை" என்று சொல்லி நிறுத்தினார். நான் எழுதி முடிக்கும் வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சூளைக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு இதுலயே எழுதித் தர்றீங்களா டீச்சர்? அங்க போனா யாரைக் கேக்குறதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். சூளை இருக்கும் ஊரின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அன்று மாலையே அந்தப் பகுதிப் பள்ளிகளைக் கவனிக்கும் வட்டார வள மையத்தின் போன் நம்பரைத் தேடி எடுத்தேன்.