கடை விளக்கில் பொருந்திய ரோஸ், வெயிலில் ஏன் பொருந்தவில்லை?

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் தைப்பூசக் காவடிக்கு ரோஸ் துணி எடுப்பவர்கள் கவனிக்கவும். அடர் ரோஸ் சாயம், விழும் ஒளியில் பச்சைப் பகுதியை (சுமார் 500–570 நானோமீட்டர்) விழுங்கி, சிவப்பையும் நீலத்தையும் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்கு அந்தக் கலவைதான் ரோஸ்.

சிக்கல் விளக்கில் இருக்கிறது. மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் அடர்சிவப்பு குறைவு. இல்லாததைத் துணி எப்படித் திருப்பித் தரும்? பட்டுக்கு ஒரு வகைச் சாயம், பாலியெஸ்டருக்கு வேறு வகை; அடர்சிவப்பை இரண்டும் ஒரே அளவில் திருப்பி அனுப்பாமல் போகலாம். அதனால்தான் விளக்கடியில் ஒன்றாகத் தெரியும் புடவையும் ரவிக்கைத் துணியும் வெளியே வந்ததும் பிரிந்து நிற்கின்றன.

துணியை வெட்டச் சொல்லும் முன் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய துணியை நாலாக மடியுங்கள், இல்லாவிட்டால் அடியில் இருப்பதன் நிறமும் ஊடுருவும். ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சத்தில், ஆனால் நிழலில் பாருங்கள். தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் இருந்தால் அந்த இடம் உதவாது. அந்திவெயிலும் வேண்டாம், எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். கடைக்காரர்கள் சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90க்கு மேலுள்ள ஒரே ஒரு விளக்கு மாட்டினாலே பாதிச் சண்டை தீரும்.

துவைக்கும்போது நிறம் கறுத்தால் பதற வேண்டாம். இழைகளுக்கிடையே நீர் நிறைந்ததும் ஒளி சிதறித் திரும்புவது குறைகிறது, அவ்வளவுதான். காய்ந்தபின் ஒப்பிடுங்கள்.