பசியாறிட்டீங்களா, டீச்சர்?

சிங்கப்பூரில் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட ஒரு கல்மேசை இருக்கிறது. 2022-இல் அங்கேதான் எதிர்வீட்டு அங்கிளுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தேன். அப்போது அவருக்கு 64 வயது.

கும்பகோணத்தில் ஆறு வருடம் தமிழாசிரியையாக இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள் நான். மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் “என்னம்மா, ஊர் பழகிருச்சா?” என்று அங்கிள் கேட்பார். இவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா வெள்ளைக்காரர் காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968-இல் அங்கிருந்த கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. பின்னாளில் அங்கிளும் அதே வேலைக்குத்தான் போனார். பள்ளியில் படித்தது ஆங்கிலம், இரண்டாம் மொழியாக மலாய். அந்தக் காலத்தில் இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் படித்தார்கள். வீட்டுக்குத் தமிழ் முரசு வரும். ஆன்ட்டி கோப்பி குடித்துக்கொண்டே சத்தமாக வாசிப்பார், இவர் கேட்பார். 2019 கடைசியில் ஆன்ட்டி தவறிவிட்டார். பேப்பரை இவர் நிறுத்தவில்லை. பிரிக்காமலேயே தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு வந்தார். “எனக்குப் படிக்கச் சொல்லித் தருவியாம்மா?” என்று கேட்ட அன்றைக்கு, ஜன்னலோரம் மூன்று அடுக்குகள் இடுப்பளவு நின்றன.

முதல் பாடத்திலிருந்தே ‘அம்மா’ போய் ‘டீச்சர்’ ஆகிவிட்டது. ‘நீ’யும் ‘நீங்க’ ஆகிவிட்டது.

நான் எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். 247 எழுத்து அட்டவணை, அ-அணில், ஆ-ஆடு. நாற்பது வருடம் கப்பல் பழுதுபார்த்த மனிதர் குனிந்து உட்கார்ந்து ‘ஆடு ஆடு’ என்று எழுதினார். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சில மாதம் கழித்து, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக் கொண்டு வந்தார்: ‘காலையில் ஆறு மணிக்குப் பசியாறினேன்.’ ஒற்றுப்பிழைகூட இல்லை. நான் ‘பசியாறினேன்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘சிற்றுண்டி சாப்பிட்டேன்’ என்று எழுதினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா சாகுற வரைக்கும் அப்படித்தான் சொல்வாங்க. அது தப்பான தமிழா, டீச்சர்?”

தப்பே இல்லை. அகராதியில் இருக்கிற சொல். சின்ன வயதில் பக்கத்து ராவுத்தர் வீட்டில் நானே கேட்டு வளர்ந்த சொல். பாடப்புத்தகத்தில் பார்க்காததால் அடித்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரிலிருந்து தமிழைக் கொண்டுவந்து இவருக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது, எழுத்து மட்டும்தான் இல்லை.

மறுநாள் அட்டவணையை எடுத்து வைத்துவிட்டேன். அவர் வாயில் வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கம்பம் என்றால் கிராமம், மலாயிலிருந்து வந்தது. சடக்கு என்றால் சாலை. கித்தா என்றால் ரப்பர். காடி என்றால் கார். அப்புறம் பாடம் ஓட ஆரம்பித்தது. ‘கம்பம்’ என்று தானே கூட்டி வாசித்ததும், பிறந்து வளர்ந்த கம்பத்து வீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

பதிலுக்கு மலாய் சொல்லித்தருவேன் என்று அவரும் பிடிவாதமாக நின்றார். சத்து, டுவா, தீகா என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நாள் உணவங்காடியில் மலாய்க்காரர் கடை முன்னால் என்னை நிறுத்தி, நீங்களே கேளுங்க என்றார். பின்னால் வரிசை. ‘தீகா’ வாயில் வரவில்லை, முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் எடுத்துக்கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். நான் சிவப்புப் பேனாவை விட்டது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு நாள், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மின்சார அறை வாசலில் சட்டென்று நின்றார். நான்கு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை. தமிழ் வரியில் விரலை வைத்து, “அ… பா… ய… ம்” என்றார். “அபாயம்! பஹாயா!” மலாயில் அபாயத்துக்கு அதுதான் சொல். பட்டறையில் தினமும் பார்த்த பலகைதான். “இத்தனை வருஷமா மேல் வரியோடயே போயிட்டேன், டீச்சர்.”

இப்போது அந்த அடுக்கை வாசிக்கிறார். ஆன்ட்டி போன மறுநாள் பேப்பரிலிருந்து, ஒன்றுகூட விடாமல். ஒரு பேப்பர் முடிய நாலைந்து நாள் ஆகும். போன வாரம் கதவைத் தட்டினார். முதலில் வழக்கம்போல “பசியாறிட்டீங்களா?” அப்புறம் 2020 ஏப்ரல் பேப்பரை நீட்டி, பென்சிலால் சுழித்த ஒரு சொல்லைக் காட்டினார்: முறியடிப்பு.

கொரோனாவுக்காக எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோமே, ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, அதைப் பற்றிய செய்தி என்றேன்.

“ஓ, அந்த ரெண்டு மாசமா,” என்று பேப்பரை மடித்தார். “அப்போ இத எடுத்து அடுக்கி வைக்கிறது மட்டும்தான் எனக்கு வேலை.”