பத்தாவது புள்ளியியல்: கட்டம் போட்டே கரையேறியது

பத்தாவது கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடமான புள்ளியியலும் நிகழ்தகவும்தான் கடைசி. அதனாலேயே அரக்கப்பரக்க நடத்துவார்கள், பாதிப் பேர் ‘வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16 மார்க் இருக்கு, போதும்’ என்று இதை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் 5 மார்க்கை அலுங்காமல் வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது, கூட்டலும் கழித்தலும் ஒழுங்காக வந்தால் சரி.

மேலூரில் நான் டியூஷன் போன அக்கா, “சூத்திரம் எங்கடா ஓடிப்போகுது, மொதல்ல கட்டத்தைப் போடு” என்பார்; கட்டம் என்றால் அட்டவணை. 41, 44, 45, 47, 49 என்று ஐந்து எண் கொடுத்து, திட்ட விலக்கம் கேட்டார், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. சராசரி 45.2. அதிலிருந்து கழித்தால் எல்லாமே புள்ளி வைத்த எண்கள், அவற்றை வர்க்கம் பண்ணுவதற்குள் மணி அடித்துவிடும், கால்குலேட்டரும் கிடையாது. அதனால் பக்கத்திலிருக்கும் முழு எண்ணான 45-ஐ ஊகச் சராசரியாக, அதாவது சராசரி மாதிரி, வைத்தோம். ஒவ்வொரு எண்ணிலும் 45-ஐக் கழித்தால் வரும் விலக்கங்கள் -4, -1, 0, 2, 4; கூடுதல் 1, வர்க்கங்களின் கூடுதல் 37. அதை 5-ஆல் வகுத்தால் 7.4, அதில், விலக்கங்களின் கூடுதலான 1-ஐ 5-ஆல் வகுத்து வர்க்கம் பண்ணிய 0.04 போக 7.36. வர்க்கமூலம் ஏறத்தாழ 2.71, இதுதான் திட்ட விலக்கம். சராசரி முழு எண்ணாக வந்தால் அதையே வைத்துப் போடலாம். அப்போது விலக்கங்களின் கூடுதல் பூச்சியம் வரவில்லை என்றால் எங்கோ தப்பு, அங்கேயே நிறுத்திப் பார்த்துவிடலாம்.

மாறுபாட்டுக் கெழு எதற்கு என்பது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நினைத்தபோதுதான் பிடிபட்டது. மல்லிகை முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், அடுத்த வாரமே இறங்கிவிடும். அரிசி விலை அப்படி ஆடாது. சராசரியே வேறுவேறாக இருக்கிற இரண்டை வெறும் திட்ட விலக்கத்தால் ஒப்பிட முடியாதே, அதனால்தான் அதைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறோம். எதற்கு இந்தக் கெழு குறைவோ அதுவே சீரானது என்ற கடைசி வரியை எழுதாமல் வந்துவிடாதீர்கள்.

ஒரு மார்க்குக்கு: எல்லா எண்ணோடும் 5 கூட்டினால் திட்ட விலக்கம் மாறாது, 3-ஆல் பெருக்கினால் அதுவும் மூன்று மடங்காகும், திட்ட விலக்கத்தின் வர்க்கமான விலக்க வர்க்கச் சராசரியோ ஒன்பது மடங்கு.

அப்புறம் நிகழ்தகவு. இரண்டு பகடை என்றால் நான் 36 ஜோடியையும் ஆறு வரிசையாக எழுதிவிடுவேன், கொஞ்சம் இடம் போனால் போகட்டும். இரண்டிலும் ஒரே எண் அல்லது கூடுதல் 10 என்று கேட்டால், முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 3. இதில் (5, 5) இரண்டு பக்கமும் நிற்கிறது, அதை ஒரு தடவை கழிக்க 8. ஆக 8/36, சுருக்கினால் 2/9.