பட்ஜிஸ் ஜோடி சேக்க நான் பட்ட பாடு

பட்ஜிஸ்ங்கிற சின்னக் கிளி ஒரு ஜோடி வாங்கப் போனேன், நாகர்கோவில்ல ஒரு கடையில ஜோடின்னு சொல்லி காசு வாங்கிட்டு குடுத்தது ரெண்டுமே பெட்டை. இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. "மூக்கு நீலமா இருக்குல்லா அண்ணே, அப்ப ஆணுதான்"னு அடிச்சு சொன்னான். அது வெளிறின நீலம், மூக்கு ஓட்டையைச் சுத்தி வெள்ளை வளையம் வேற, அப்படி இருந்தா இளம் பெட்டை. இளம் ஆணுக்கு மூக்கு முழுக்க ஒரே சீரா ரோஸ் கலந்த ஊதா, வளந்த பொறவுதான் நல்ல நீலமாகும். சிவப்புக் கண்ணு உள்ள மஞ்சள், வெள்ளைப் பட்ஜிஸ் மாதிரி சில வகைக்கு இந்தக் கணக்கு சரிவராது, அதுல ஆணுக்கு கடைசி வரைக்கும் ரோஸ்தான். கடைக்குள்ள டியூப் லைட்ல பாக்காதீங்க, வெளிச்சத்துக்கு கொண்டு வரச் சொல்லி பாருங்க.

முட்டை போட கூண்டுல பானை கட்டின அன்னைக்கே ரெண்டு பெட்டைக்கும் சண்டை. சும்மா கொத்துறது இல்ல, பெரியது சின்னதோட கால்விரலைக் கவ்விட்டு விடவே இல்ல, பிரிச்சு எடுக்கும்போது விரல் நுனியில ரத்தம் சொட்டுது. சோளமாவு வச்சு அமுக்கிப் பிடிச்சுதான் நின்னுச்சு. தக்கலை வரைக்கும் பஸ்ல கொண்டு போனா அங்க ஆடு மாடு பாக்குறவங்கதான், இதுக்கு மருந்து இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. கடைக்காரன்ட்ட மாத்தித் தான்னு கேட்டா, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு போனை வச்சுட்டான். சரியாகாது. பானைக்காக ரெண்டு பெட்டை மோதினா ஒண்ணு சாகுற வரைக்கும் போகும், உடனே பிரிங்க.

பொறவு மார்த்தாண்டம் பக்கம் வீட்டுல வளக்குற ஒருத்தர்ட்ட நல்ல ஆண் கிடைச்சுது. அதையும் அந்தப் பெரிய பெட்டை விரட்டினா. பட்ஜிஸ்ல பெட்டைதான் அதிகாரம், கூண்டு அவ இடம். அவரு சொன்ன மாதிரி ரெண்டு கூண்டை ஒட்டி வச்சேன், கம்பி வழியா ஆண் தீனி ஊட்டி அவ வாங்கிக்க ஆரம்பிச்ச பொறவு ரெண்டையும் சேத்து புதுக் கூண்டுல விட்டேன், பானையை அதுக்கும் அப்புறம்தான் கட்டினேன். அதோட அடி நின்னுச்சு பாருங்க, அன்னைக்குதான் நிம்மதியா சோறு தின்னேன். நாலஞ்சு ஜோடியை ஒண்ணா விடுறவங்க ஜோடிக்கு மேல ஒண்ணு ரெண்டு பானை கூடுதலா, எல்லாம் ஒரே உயரத்துல கட்டணும், உசரத்துல இருக்க பானைக்குதான் அடிதடி.

ஒண்ணு விட்டு ஒரு நாள் முட்டை, 18 நாள்ல பொரிப்பு, அதுல பிரச்சனை இல்ல.

குஞ்சு பானையை விட்டு இறங்கினப்போ மறுபடி தலைவலி. தாய் அடுத்த ஈடு முட்டைக்கு தயாராகி குஞ்சு முதுகுல இறகைப் பிடுங்கிப் போட்டுட்டா, ஒண்ணுக்கு பிடரி தோலே தெரியுது. குஞ்சுகளை தகப்பனோட பக்கத்துக் கூண்டுக்கு மாத்தினேன், அதுவே முழுசா ஊட்டி வளத்துச்சு. இதுக்கு தாய் வேணும்னு அவகூடயே விட்டு வச்சிராதீங்க. இப்ப எல்லாத்துக்கும் இறகு முளைச்சாச்சு.

பானையை அவுத்து வச்சிட்டேன். வருஷத்துக்கு ரெண்டு ஈட்டுக்கு மேல விட்டா பெட்டை உடம்பு தாங்காது, முட்டை வெளிய வராம அடைச்சு செத்துரவும் செய்யலாம். முட்டம் கடற்கரையில பொறுக்கின கணவாய் மீன் ஓடுகளை நல்லா கழுவி வெயில்ல காயவச்சு கூண்டுல கட்டிருக்கேன், அவ அதைக் கொறிச்சு உடம்பைத் தேத்தட்டும், ஐப்பசி மழை கழிஞ்சுதான் இனி பானை.