சூப்பிப் போத்தலில் தேத்தண்ணி வேண்டாம்

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) வரும் குழந்தைகள் சிரித்தால் மனது வலிக்கிறது. மூன்று வயதுகூட ஆகவில்லை, மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து ஈறு வரை கரைந்து கிடக்கின்றன. ரொட்டியைக் கடிக்க முடியாமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு அழுகிறார்கள்.

எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைத் தின்கிறது. வாய்க்கிருமிகள் சீனியை அமிலமாக்கும். எச்சில் அதை ஆற்ற அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த பிஸ்கட், அடுத்த டொபி என்றால் பல் எப்படித் தாங்கும்? ராத்திரி இனிப்புத் தேத்தண்ணியைச் சூப்பிப் போத்தலில் கொடுத்துத் தூங்க வைப்பது இன்னும் மோசம், தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைவு. கொழுந்து பறித்துக் களைத்து வரும் அம்மாமாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் போத்தலில் வெறும் தண்ணீர் கொடுங்கள்.

அப்புறம், "விழுகிற பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. புளோரைட் உள்ள பற்பசை, 3 வயதுக்குள் ஓர் அரிசியளவு போதும். டொபி கேட்டு அடம்பிடித்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இடையில் வேண்டாம்.